நீதிபதி சுப்பிரமணிய ஐயர் சரித்திரம்

நம் சங்கப் பத்திரத்தில் பெரியோர் சரித்திரங்களை மாதந்தோறும் வரைந்து வருவது அன்பர்கள் அறிந்ததே. அவ்வாறு வரையுங்கால், அப்பெரியார் வகித்த பதவிகளையும் பெற்ற பட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக் காட்டி மகிழ்வது நமக்குப் பழக்கமாகி விட்டது. பதவி பெருமை தருவதுதான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதவி ஒருவனுக்கு வந்த பின்னர், அதனைக்கொண்டு அவன் என்ன செய்தான் என்னும் வினாவை நாம் கேட்பது அரிது. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். மதுரையில் வக்கீலாயிருந்து சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக உயர்ந்தவரும், மணி ஐயர் என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்டவருமான ஸ்ரீ எஸ். சுப்பிரமணிய ஐயரின் வாழ்க்கையே அது.

நீலகிரியில் வாழும் நமக்கு இவர் சரித்திரத்தில் தனித்ததோர் உரிமையும் உண்டு. இவர் பிறந்தது மதுரையில். புகழ் பெற்றது சென்னையில். எனினும் இவருடைய முதுமையில் நேர்ந்த பெருஞ்சோதனைக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி, 1917-ஆம் ஆண்டில் நம் உதகமண்டலத்தில் நடந்தது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

சுப்பிரமணிய ஐயர் 1842-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி மதுரை ஜில்லாவில் அந்தணர் குடியில் பிறந்தார். மிக இளமையிலேயே தந்தையாரை இழந்தார். தாயாரும் தமையனாரும் அவரை வளர்த்து ஆளாக்கினர். மதுரையில் பாதிரிமார் பள்ளியிலும், பின்னர் ஜில்லாப் பள்ளியிலும் பயின்று நல்ல மாணவர் என்று பெயர் பெற்றார்.

அக்காலத்தின் நிலையைச் சிறிது நினைவில் வைத்தல் வேண்டும். சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது 1857-இல். சென்னை ஹைக்கோர்ட்டு நிறுவப்பட்டது 1862-இல். இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பழைய முறைகள் மாறிப் புதிய சட்டங்களும் புதிய கோர்ட்டுகளும் எழுந்துகொண்டிருந்த காலத்தில் ஐயர் வாலிபப் பருவம் எய்தினார். சட்டம் கற்றவனுக்கு வழி திறந்திருந்தது. ஆனால் கற்பதற்குப் பொருளும் ஓய்வும் இருந்தால்தானே? தந்தையற்ற குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் மேற்படிப்புக்காக உடனே சென்னை செல்ல இயலவில்லை. சொற்பச் சம்பளத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

அமர்ந்தவர் அத்தோடு அடங்கிவிடவில்லை. பகலில் உத்தியோகம், எஞ்சிய வேளையில் படிப்பு என்று காலத்தைப் பங்கிட்டுக்கொண்டார். ஆசிரியர் துணையின்றித் தாமே படித்து 1865-இல் பிரவேசப் பரீக்ஷையிலும், அதற்கடுத்த ஆண்டில் எப்.ஏ. பரீக்ஷையிலும், 1868-இல் பி.எல். பரீக்ஷையிலும் தேறினார். பின்னர் ஒரு பாரிஸ்டரிடம் தொழில் பழகி, 1869-இல் மதுரையில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு நிரம்பவில்லை.

மதுரை வக்கீல்

மதுரை அந்நாளில் சென்னையைப்போல் பெருநகரம் அன்று. ரயில் வண்டி அங்கு வந்து சேர்ந்ததே 1875-ஆம் ஆண்டில்தான். ஆயினும் அவ்வூர்க் கோர்ட்டுக்கு வந்த வழக்குகளைச் சிறியன என்று சொல்லிவிட முடியாது. சேதுபதிகளின் இராமநாதபுரமும், சிவகங்கையும் அந்த ஜில்லாவிலேயே இருந்தன. ஐயர் தொழில் தொடங்குவதற்கு முந்திய ஆண்டாகிய 1868-இல், இராமநாதபுரம் ஜமீன் பற்றிய வழக்கில் லண்டன் பிரிவி கௌன்ஸில் முக்கியமானதொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. கணவன் தன் ஆயுட்காலத்தில் அனுமதி கொடுத்திராவிடினும், அவனுடைய உறவினரின் இசைவு பெற்று விதவை ஒருத்தி சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்பது அத்தீர்ப்பு. திராவிட தேசத்து இந்துக் குடும்பங்கள் பலவற்றின் சொத்துரிமையை நெடுங்காலம் நிர்ணயித்தது அது. இத்தகைய வழக்குகள் தோன்றும் ஊரில் வக்கீலாயிருப்பவர், சட்டப் புத்தகத்தை மட்டும் அறிந்தால் போதாது. குடும்பங்களின் வழக்கம், கோயில்களின் நடைமுறை, நிலத்தின் பாத்தியதை ஆகியவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ஐயருக்கு அவ்வறிவைக் கொடுத்தது மதுரையே.

பதினாறு ஆண்டுகள் அவர் அங்கே தொழில் நடத்தினார். வக்கீல் தொழிலோடு நில்லாமல் நகரசபையிலும் ஊர்ப் பொதுக் காரியங்களிலும் உழைத்தார். அவருடைய திறமையும் நாணயமும் சென்னை வரை எட்டின. 1884-இல் சென்னைச் சட்டசபைக்கு அரசாங்கம் அவரை நியமித்தது. அக்காலத்தில் சட்டசபைக்குத் தேர்தல் கிடையாது. அரசாங்கம் விரும்பி அழைத்தவரே அங்கே அமர்வர். ஜில்லா வக்கீல் ஒருவருக்கு அவ்வழைப்பு வந்தது எளிதன்று. அதே ஆண்டில் அவர் மனைவியாரைப் பறிகொடுத்தார். பெருமையும் துயரமும் ஒரே ஆண்டில் ஒருங்கே வந்தன.

சென்னை வாழ்க்கை

1885-இல் ஐயர் சென்னைக்குக் குடியேறி ஹைக்கோர்ட்டில் தொழில் நடத்தலானார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசியக் காங்கிரஸ் முதன் முதலாகக் கூடியது. அங்கு வந்திருந்த பிரதிநிதிகள் எழுபத்திருவர். அவருள் ஐயரும் ஒருவர். இதனை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவருடைய பிற்காலச் செய்கையைக் கண்டு வியந்தோர், பிரம்மஞான சபையின் தலைவியார் அன்னி பெஸண்ட் அம்மையாரின் தூண்டுதலால் முதுமையில் அவருக்கு அரசியலில் ஆசை பிறந்தது என்றனர். அஃது உண்மையன்று. அம்மையார் இந்தியாவுக்கு வந்தது 1893-இல். அதற்கு எட்டாண்டு முன்னரே ஐயர் காங்கிரஸில் அமர்ந்திருந்தார்.

1888-இல் அவர் அரசாங்க வக்கீலாக நியமனம் பெற்றார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. 1891-இல் திவான் பகதூர் பட்டமும், சி.ஐ.இ. விருதும் வந்தன. 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகிய ஸர் டி. முத்துசாமி ஐயர் காலமானார். அவ்வாண்டிலேயே சுப்பிரமணிய ஐயர் நியாயாசனம் ஏறினார்.

நியாயாசனத்தில்

நீதிபதியின் வாழ்க்கையை எழுதுவது கடினம். வக்கீலின் வெற்றி எல்லார் கண்ணிலும் படும். நீதிபதியின் வேலை தீர்ப்புத் தாள்களில் அடங்கிக் கிடக்கும். ஆதலின் உதாரணமாக ஒன்று கூறுவோம். மடாதிபதி ஒருவருக்கு மடத்துச் சொத்தில் உள்ள உரிமை யாது என்பது நம் நாட்டில் நெடுநாள் தகராறாயிருந்த விஷயம். அவர் சொத்தின் உடைமையாளரா? அல்லது பிறர்பொருட்டுச் சொத்தைக் காக்கும் தர்மகர்த்தா மாத்திரமா? 1904-இல் வித்யாபூர்ண தீர்த்த சுவாமிகள் வழக்கில் சுப்பிரமணிய ஐயரும் பாஷ்யம் ஐயங்காரும் ஒருங்கமர்ந்து இதனை ஆராய்ந்தனர். மடாதிபதியை ஆங்கிலச் சட்டம் கூறும் சாதாரண தர்மகர்த்தாவாகக் கொள்ளலாகாது. அவருடைய நிலை நம் மரபுக்கே உரியது என்று அவர்கள் கண்டனர். பின் வந்த கோர்ட்டுகள் அத்தீர்ப்பை அலசியும் திருத்தியும் வந்தன. ஆனால் அதனைப் புறக்கணித்து அவ்விஷயத்தைப் பேச எவராலும் இயலவில்லை. ஆங்கிலச் சட்டம் கற்ற இரண்டு தமிழர்கள் அச்சட்டத்தின் அளவுகோலைக் கண்மூடி எடுத்துக்கொள்ளாமல் நம் வழக்கத்துக்கு ஏற்றது எது என்று சிந்தித்தனர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

1899, 1903, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவர் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் அமர்ந்தார். ஏன் நிலையாக அமரவில்லை என்று இளைஞர் கேட்கக்கூடும். 1861-ஆம் ஆண்டு ஹைக்கோர்ட்டுச் சட்டம், பிரதம நீதிபதி பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தது. இந்நாட்டில் படித்துத் தேறிய வக்கீல் எத்துணை மேதையாயினும் அந்த ஆசனத்தில் சில காலம் அமர்ந்து எழவேண்டியவரே. திறமை போதும், ஆனால் வாயில் அடைத்திருக்கிறது என்னும் அந்த நிலையை அவர் மூன்று முறை அனுபவித்தார். சென்னைக்கு நிலையான இந்தியப் பிரதம நீதிபதியாக ஸ்ரீ பி. வி. ராஜமன்னார் வந்தது 1948-இல்தான்.

1900-இல் அவருக்குக் கே.சி.ஐ.இ. விருது கிடைத்து ஸர் சுப்பிரமணிய ஐயர் ஆனார். 1904-இல் சென்னைச் சர்வகலாசாலையின் உபாத்தியக்ஷராகவும் விளங்கினார். கண் பார்வை மங்கியமையால் 1907-இல் பதவியினின்றும் விலகி ஓய்வூதியம் பெற்றார்.

இங்கே நிறுத்தினால், நாம் வழக்கமாக எழுதும் சரித்திரங்களில் இதுவும் ஒன்றாகிவிடும். ஏழ்மையில் பிறந்தார், உழைத்துப் படித்தார், வக்கீலானார், நீதிபதியானார், பட்டம் பெற்றார் என்று முடித்துவிடலாம். ஆனால் மேலே கூறியவையெல்லாம் முகவுரையே. சரித்திரம் இனித்தான் தொடங்குகிறது.

உதகையில் நிகழ்ந்தது

ஓய்வு பெற்ற பின் ஐயர் பிரம்மஞான சபையிலும், கோயில் தர்மங்களைச் சீர்திருத்தும் முயற்சிகளிலும் ஈடுபட்டார். 1914-இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புச் சபைத் தலைவராயிருந்தார். 1916-இல் அன்னி பெஸண்ட் அம்மையார் ஹோம்ரூல் லீக் என்னும் சுயாட்சிச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கௌரவத் தலைமையை ஐயர் ஏற்றார். அப்போது அவர் வயது எழுபத்து நான்கு. சென்னை மாகாணத்தார் எல்லாரும் அச்சங்கத்தை ஆதரித்தனர் என்று சொல்லமாட்டோம். சுயாட்சி வந்தால் அதிகாரம் ஒரு வகுப்பாரிடமே குவியும் என்று அஞ்சியவர்கள் அதே ஆண்டில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அமைத்தனர். இரு திறத்தாரிடமும் அறிவாளிகள் இருந்தனர்.

அந்நாளில் கோடைக்காலம் வந்தால் சென்னை அரசாங்கம் முழுவதும் நம் மலைக்கு ஏறிவிடும். கவர்னரும், அவருடைய காரியதரிசிகளும், கோப்புக் கட்டுகளும் மாதக்கணக்கில் உதகையில் தங்கும். 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லார்ட் பெண்ட்லண்டின் அரசாங்கம், பெஸண்ட் அம்மையாரும் அவர்தம் துணைவர்களாகிய அருண்டேல், வாடியா என்பாரும் அரசியல் பேசவும் எழுதவும் கூடாதென்று தடுத்து, குறிப்பிட்ட சில இடங்களுள் ஒன்றிலேயே வசிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அவர்கள் தேர்ந்துகொண்டது உதகமண்டலம். கர்னல் ஆல்காட் முன்னர் அமைத்திருந்த குலிஸ்தான் என்னும் இல்லத்தில் தங்கினர். அம்மையார் அவ்வில்லத்தில் சிவப்பும் பச்சையுமான சுயாட்சிக் கொடியை ஏற்றினார். காவலில் வைத்தவர்களும் காவலில் வைக்கப்பட்டவர்களும் ஒரே மலையில் இருந்தார்கள். நீலகிரியை உல்லாசத்துக்கும் தேயிலைக்கும் உரிய இடமென்றே கருதும் நம்மில் பலர் இதனை அறியார்.

கடிதம்

செய்தி சென்னையில் இருந்த ஐயருக்கு எட்டியது. ஹைக்கோர்ட்டில் பன்னிரண்டு ஆண்டு நியாயம் வழங்கியவர். விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைப்பது எத்தகையது என்று அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இந்நாட்டிலேயே முறையிடலாம் என்றால், முறையீட்டைக் கேட்க வேண்டியவரே கட்டளையிட்டவராயிருந்தனர். அமெரிக்கா அவ்வாண்டு ஏப்ரலில்தான் மகாயுத்தத்தில் சேர்ந்திருந்தது. உலகில் ஜனநாயகத்தைக் காக்கவே போரிடுவதாக அந்நாட்டுத் தலைவர் வில்ஸன் கூறி வந்தார்.

1917-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி ஐயர் வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கையாளர் கையில் சிக்கும்; ஆதலால் தாயகம் திரும்பிய ஹாச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதிகள் வசம் கொடுத்தனுப்பினார். அந்நிய ஆட்சியில் கல்வி மறுக்கப்படுவதையும், செல்வம் வெளியேறுவதையும், தேசபக்தியின்பொருட்டு மக்கள் சிறைப்படுவதையும் அதில் எடுத்துரைத்தார். சுயாட்சி தரப்படும் என்று உடனே உறுதி கூறினால், மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேரும், மேலும் மூன்று மாதத்தில் இன்னோர் ஐம்பது லட்சம் பேரும் போர்முனைக்கு முன்வருவர் என்றும் தெரிவித்தார்.

இது தகுமா என்று அன்றே பலர் கேட்டனர். நாமும் நடுநிலையோடு ஆராய்வோம். போர்க்காலத்தில் அரசாங்கத்தின் ஓய்வூதியம் பெறும் ஒருவர், அவ்வரசாங்கத்தின்மேல் அயல்நாட்டுத் தலைவரிடம் புகார் சொல்லலாமோ என்பது ஒரு கட்சி. கோடி பேர் திரள்வர் என்ற கணக்கு ஆசையால் எழுந்ததேயன்றி ஆராய்ச்சியால் எழுந்ததன்று என்றும் சொல்லலாம். அதனை நாம் மறுக்கவில்லை. மறுகட்சியும் உண்டு. அவர் தம் பெயரை மறைக்கவில்லை. தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. கலகம் செய்யுமாறு எவரையும் ஏவவில்லை. நேச நாட்டுத் தலைவரிடமே முறையிட்டார். ஒரு கோர்ட்டில் நியாயம் கிடையாவிடின் மேல்கோர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதுவது வக்கீலுக்கு இயல்பு. மதுரை வக்கீல் தம் கட்சிக்காரராக இந்தியாவையே ஏற்று எழுதிய கடைசி விண்ணப்பம் அது என்பதே நம் கருத்து.

பட்டம் துறந்தது

1917 ஆகஸ்டு 20-ஆம் தேதி, இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி படிப்படியாக அளிக்கப்படும் என்று இந்தியா மந்திரி மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் பெஸண்ட் அம்மையார் விடுதலை பெற்றார். டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். கடிதத்தால்தான் இவை நிகழ்ந்தன என்று நாம் சொல்லத் துணியோம். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியே பெருங்காரணம்.

ஆனால் கடிதத்துக்கு உரிய கட்டணத்தை ஐயர் செலுத்த வேண்டியிருந்தது. அவ்வாண்டு இறுதியில் மாண்டேகுவும் வைசிராய் லார்ட் செம்ஸ்போர்டும் சென்னை வந்தபோது, கண் மங்கிய அம்முதியவரை வைசிராய் நேரில் கண்டித்துப் பேசினார். 1918-இல் கடிதம் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வெளிப்பட்டது. பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. மாண்டேகு அதனை வெட்கக்கேடான கடிதம் என்னும் கருத்துப்படப் பழித்தார்.

இவ்விடத்தில் ஒருவன் செய்யக்கூடியவை பல. வருத்தம் தெரிவிக்கலாம், நான் எழுதியதன் பொருள் வேறு என்று நழுவலாம், முதுமையைக் காட்டி மன்னிப்பு வேண்டலாம். ஐயர் இவற்றுள் ஒன்றையும் செய்தாரில்லை. எழுதியது தாமே என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, தம் நிலையை விளக்கினார். பின்னர் அரசாங்கம் அளித்திருந்த கே.சி.ஐ.இ. விருதையும் திவான் பகதூர் பட்டத்தையும் தாமே துறந்தார். ஸர் சுப்பிரமணிய ஐயர் மறுபடியும் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் என்றும், மணி ஐயர் என்றும் வழங்கப்பட்டார். கவி ரவீந்திரநாத தாகூர் தம் ஸர் பட்டத்தைத் துறந்தது 1919-இல்; காந்தியடிகள் தம் பதக்கத்தைத் திருப்பி அனுப்பியது 1920-இல். அவ்விரண்டையும் நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு முன்னரே இங்கு ஒரு தமிழர் அதனைச் செய்து முடித்தார் என்பதை மறந்துவிட்டது.

அவர் 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, தம் எண்பத்திரண்டாம் பிராயத்தில் காலமானார். சென்னைச் சர்வகலாசாலையின் செனட் மண்டப வளாகத்தில் அவருடைய சிலை உள்ளது.

முடிவுரை

அன்பர்களே! நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பரீக்ஷையில் தேறினால் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம் கூட்டுகிறோம். உயர்ந்த உத்தியோகம் பெற்றால் படம் அச்சிடுகிறோம். அவ்வாறே செய்து வருவோம், அதில் குற்றமில்லை. ஆனால் பட்டத்தை ஏற்ற நாளை எண்ணுவதுபோலவே, அநீதி எதிர்ப்பட்ட நாளில் அவன் என்ன செய்தான் என்பதையும் எண்ணுவோமாக. பெரியார் ஒருவரை நம்மவர் என்று உரிமை பாராட்டுவது எளிது. அவர் இழந்ததை இழக்கத் துணிவதே அவ்வுரிமைக்குப் பத்திரம்.

சுப்பிரமணிய ஐயர் பெற்றவற்றுள் அரசாங்கம் கொடுத்தவை எவையோ அவற்றை அவர் திருப்பிக் கொடுத்தார். உத்தியோகம் பார்த்த நேரம் போக எஞ்சிய வேளையில் தாமே தேடிய கல்வியும், மதுரைக் கோர்ட்டில் பெற்ற நெஞ்சுரமும் எவரும் கொடுத்தவையல்ல. ஆதலின் எவராலும் திரும்பப் பெற இயலவில்லை. உதகைக்குச் செல்லும்போது நம் இளைஞர்க்கும் பெண்மக்களுக்கும் ஏரியையும் மலர்த் தோட்டத்தையும் காட்டுகிறோம். 1917-ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டில் ஏறிய கொடியையும், அதன்பொருட்டுச் சென்னையில் ஒரு முதியவர் எழுதிய கடிதத்தையும் அப்போது சேர்த்தே சொல்வோமாக.